பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஓட வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பெருமாள்மலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் பழனி அடிவாரத்தில் கிளம்பி மலைப்பாதை வழியே கொடைக்கானல் ஏரிவரை ஓடுகிறோம். 64 கி.மீ. அந்த ஓட்டத்தைச் சொல்லி ஊரில் பணம் திரட்டி, சமவெளியில் இருக்கும் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோம். நான் மூன்று முறை கிளம்பியிருக்கிறேன், இரண்டு முறை போய்ச் சேர்ந்திருக்கிறேன். துவரம்பருப்பு வாங்க வருகிற சாக்கில் கேட்பவர்களும் சரி, போனில் கேட்பவர்களும் சரி, ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இது பந்தயமா, சும்மா ஓட்டமா?

பந்தயம்தான். நேரம் குறிக்கிறோம், 12 மணி நேரத்துக்குள் ஏரியைத் தொட்டால் பட்டியலில் பெயர் ஏறும். பரிசு, மெடல் எதுவும் இல்லை. மெடல் அடிக்கிற காசுக்கு ஆஸ்பத்திரியில் நாலு நாள் சாப்பாடு ஓடும் என்று முதல் வருஷமே பேசி முடிவெடுத்துவிட்டோம்.

பாதை எப்படி இருக்கும்?

பழனி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,133 மீட்டரில். நடுவில் ஏறவேண்டியது சுமார் 1,800 மீட்டர். முதலில் தோப்பும் வயலுமாகச் சமதரை. வரதமாநதி அணையைத் தாண்டினால் மலை ஆரம்பம். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, அப்புறம் டவுன்.

மொத்த ஏற்றத்தை மொத்தத் தூரத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு “சரிவு அவ்வளவு ஒன்றும் இல்லையே” என்று சொல்லும் இன்ஜினியர் தம்பி ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுவார். சராசரி என்பது காகிதத்தில்தான். கொண்டை ஊசி வளைவில் காலுக்குச் சராசரி தெரியாது.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். பழனியில் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்தவர் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வரும்போது அதே ஈரச் சட்டையில் பல் கிட்டி நடுங்குவார். மாற்றுச் சட்டையை பெருமாள்மலைக்கு முன்கூட்டியே அனுப்பிவையுங்கள், என் கடையில் வாங்கி வைக்கிறேன். இரண்டாவது, மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே ஓடின வேகத்தில் மேலே ஓடினால் மூச்சு வாங்கும். அது உடம்புக் கோளாறு இல்லை, மலை அப்படித்தான்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோவில் பக்கம் போய் நின்று பாருங்கள். மேகம் இல்லாத காலையில் கீழே பழனி தெரியும். “அங்கேயிருந்தா?” என்று வயிறு ஒரு நிமிஷம் கலங்கும். கலங்கட்டும், நல்லதுதான்.

நான் ஓடினால் ஒரு குழந்தைக்கு என்ன ஆகப்போகிறது?

உள்ளதைச் சொன்னால், நீங்கள் ஓடுவதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் கேட்பதால்தான் ஆகும். ஓட்டம் என்பது, நாலு பேர் முன்னால் போய்க் கை நீட்டக் கூச்சப்படுகிற ஆளுக்குக் கிடைத்த ஒரு சாக்கு. என் அனுபவத்தில் 64 கிலோமீட்டரை விட அந்த நாலு பேரைத் தாண்டுவதுதான் பெரிய ஏற்றம்.

பணம் எங்கே போகிறது என்று கேட்டால் சொல்ல முடியும். அறுவை சிகிச்சை மாதிரிப் பெரிய செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. அது இல்லாமல் இந்த மலையில் எத்தனையோ வீடு மூழ்கியிருக்கும். ஆனால் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் தரமாட்டார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நடக்கும். முழுதாக முடித்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். பாதியில் விட்டால்தான் வம்பு. பாதியில் விடுவதற்குக் காரணம் எப்போதும் மருந்து விலைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னவனூரிலிருந்து ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து மதுரைக்கு இன்னொரு பஸ், ஏறக்குறைய 120 கி.மீ. போய் வருகிற நாளெல்லாம் தோட்ட வேலைக்குக் கூலி இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். எத்தனை மாசம் தாக்குப்பிடிப்பார்?

ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒருவர் தன் நோட்டை எனக்குக் காட்டினார். நீள நோட்டு, மேலே சிவப்பு மையில் தேதி. “தாய், பிள்ளை, பஸ், போக வர.” “இட்லி இரண்டு பார்சல்.” “லாட்ஜ் ஒரு இரவு.” “போர்வை 1.” என் கடைக் கடன் நோட்டு மாதிரியே இருந்தது, ஓரத்தில் டிக் அடித்திருப்பது உட்பட. கடன் நோட்டில் டிக் விழுந்தால் பணம் வந்தது என்று அர்த்தம். இங்கே டிக் விழுந்தால் அந்தப் பிள்ளை அடுத்த ஊசிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் திரட்டுகிற பணம் முழுவதும் அந்த நோட்டுக்குப் போகிறது.

எந்த ஆஸ்பத்திரி? பெயரை ஏன் போடவில்லை?

ஓடப் பதிவு செய்கிறவருக்குப் பெயரும் வங்கிக் கணக்கு விவரமும் கையில் கிடைக்கும். பொதுவில் எழுதி வைத்தால், அந்தப் பெயரைப் போட்டுப் போலி க்யூஆர் அட்டை ஒட்டி வசூல் செய்ய ஆள் இருக்கிறது. நீங்கள் வேறு ஆஸ்பத்திரிக்குத் திரட்ட நினைத்தாலும் சரிதான், அவர்களிடம் எழுத்தில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, வாட்சப் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுக் காத்திருந்தது. ஷூ போட்ட காலைப் படம் எடுத்து, “குழந்தைகளுக்காக ஓடுகிறேன், உதவுங்கள்” என்று போட்டேன். கட்டை விரல் நிறைய வந்தது. பணம் மூன்று பேரிடமிருந்து வந்தது, அதில் ஒருவர் என் மச்சான். அப்புறம்தான் உறைத்தது: என் கடையில் பாக்கி வைத்திருப்பவருக்கு நான் ஸ்டேட்டஸ் போட்டா வசூலிக்கிறேன்? நேரில் பார்த்தால் கேட்கிறேன், அவரும் தருகிறார்.

நேரில் போனால் “ஏதாவது பார்த்துக் கொடுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று புரியாது. குறைத்துக் கொடுத்தால் அவமானம் என்று ஒன்றுமே கொடுக்காமல் விட்டுவிடுவார். கணக்காகக் கேளுங்கள். நாங்கள் கிலோமீட்டர் கணக்கில் கேட்கிறோம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் 64 ரூபாய், 5 ரூபாய் என்றால் 320. ஒரு ரூபாய்க்காரரையும் நோட்டில் பெயரோடு எழுதுங்கள், ஐந்து ரூபாய்க்காரருக்குப் பக்கத்திலேயே.

இன்னொன்று. பணம் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். பூம்பாறையில் பூண்டு தரம்பிரிக்கிற அக்கா ஒருவர் எங்களுக்கு மூட்டை போடுகிறவர். அவரிடம் கேட்கவேண்டாம், பாவம் என்று தாண்டிப் போனேன். அவரே கூப்பிட்டார். “ஏண்ணே, எல்லாருகிட்டயும் கேட்டீங்களாமே, நான் மட்டும் ஆகாதவளா?” முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூண்டுத் தோல் ஒட்டின இரண்டு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குத்தான் வெட்கமாகப் போனது.

பணத்தை என் ஜிபேயில் வாங்கிக்கொண்டு மொத்தமாக அனுப்பலாமா?

வேண்டவே வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். பைக்குக்கு மாதத் தவணை போகிற கணக்கு அது. ஐந்தாம் தேதி காலையில் எழுந்து பார்த்தால், குழந்தைகளுக்கு வந்த பணத்தில் பாதியைத் தவணை விழுங்கியிருந்தது. கடைக் கல்லாவிலிருந்து எடுத்து அன்றைக்கே ஈடு கட்டினேன். ஆனாலும் என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

கொடுப்பவர் நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்கே அனுப்பட்டும். குறிப்பில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள், யார் மூலம் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ரொக்கமாகத் தருபவர்களுக்கு எண் போட்ட ரசீது புத்தகம் தருகிறோம். அடிக்கட்டையோடு திருப்பித் தரவேண்டும், ஒரு தாள் கிழிந்தாலும் கிழிந்த தாளும் வரவேண்டும்.

வரிவிலக்கு கிடைக்குமா?

80ஜி என்று எல்லோரும் சொல்லுகிற விலக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியிருந்தால் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. பெரிய தொகை தருபவரிடம் பான் எண்ணையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் ஆஸ்பத்திரியிலிருந்தே வரும்.

துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், உறவாகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைக்குப் பதிவு செய்த நிறுவனம்தான் அதை வாங்க முடியும். அனுப்பும் முன் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடந்தே வரலாமா?

தாராளமாக. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடி தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்து வருகிற ஊர் இது. இங்கே வந்து “நடந்தால் கேவலமா?” என்று கேட்கலாமா? செங்குத்தான இடங்களில் நாங்கள் எல்லோருமே நடக்கிறோம். சீராக நடக்கிறவர், ஓடி ஓடி நிற்கிறவரை வடகவுஞ்சிக்குள் பிடித்துவிடுவார். தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு மாசியில் வைத்திருப்பதும் பாதையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரியும். சித்திரையில் சுற்றுலா வண்டிகள்.

எவ்வளவு நாள் பயிற்சி வேண்டும்?

நிற்காமல் 10 கி.மீ. ஓடுகிறவருக்கு நாலைந்து மாதம். வாரம் நாலு நாள் போதும், அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அதை வாரத்துக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டராகக் கூட்டி 40 வரை கொண்டுபோங்கள், நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். ஏரியைச் சுற்றியே ஓடிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுற்று 5 கி.மீ., அழகான இடம், ஆனால் தட்டை. பெருமாள்மலையிலிருந்து மேலே ஏறிப் பழகுங்கள். இறங்கியும் பழகுங்கள், தொடைக்கு உரம் அதில்தான் வரும்.

ஷூவைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. புதிது வேண்டாம், அவ்வளவுதான்.

வயது 45, சர்க்கரை இருக்கிறது. ஓடலாமா?

என்னிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், பிபி, சர்க்கரை உள்ளவர்கள், மார்பில் ஒருமுறையாவது இறுக்கம் உணர்ந்தவர்கள் எழுத்தில் ஒப்புதல் கொண்டுவந்தால்தான் சேர்க்கிறோம். ஒரு மாப்பிள்ளை இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

வழியில் என்ன சாப்பிடுவது?

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும் என்பது கணக்கு. கடையில் விற்கிற ஜெல் பாக்கெட் விலையைப் பார்த்து மலைக்கவேண்டாம். பழனியில் நின்றுகொண்டு ஜெல் தேடுவானேன்? பஞ்சாமிர்தத்தில் இருப்பது மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு. ஓடுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நெய்யும் இருப்பதால் ஒரேயடியாக வழித்துச் சாப்பிட்டால் வயிறு கனக்கும். சின்ன எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள். பயிற்சியின்போதே சாப்பிட்டுப் பாருங்கள், ஓட்டத்தன்று சோதனை வேண்டாம். பாதி மலைக்கு மேல் இனிப்பே பிடிக்காமல் போகும், அதற்கு உப்புக்கடலையும் எலுமிச்சை ஊறுகாய் வைத்த தயிர்சாதமும் பெருமாள்மலையில் இருக்கும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும்தானே?

போதாது, ஆபத்தும்கூட. என் முதல் ஓட்டம் அதில்தான் முடிந்தது. வெயிலுக்குப் பயந்து, தாகம் இருக்கிறதோ இல்லையோ, வளைவுக்கு வளைவு வெறும் தண்ணீராகக் குடித்தேன். முதலில் மோதிரம் இறுகியது. விரல்கள் ரஸ்தாளிப் பழம் மாதிரி ஆகிவிட்டன. அப்புறம் தலைவலி, வாந்தி. வண்டியில் வந்த தம்பி “இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணே” என்று நீட்டுகிறான். நல்லவேளை, கூட ஓடிவந்த நர்ஸ் ஒருவர் அதைத் தட்டிவிட்டார். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டே இருக்கும்போது வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். முற்றினால் மூளை வீங்கும்.

தாகம் எடுத்தால் குடியுங்கள், உப்போடு குடியுங்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிற அதே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறதே, அதுதான். 20.5 கிராம் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும், பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைக்கக்கூடாது. பழச்சாறு டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதி விற்றுக்கொண்டிருந்ததை 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடுத்துவிட்டது. என் கடையிலும் இரண்டு பெட்டி இருந்தது, இறக்கி வைத்தேன். அதைத்தான் எத்தனை தாய்மார்கள் மருந்து என்று நினைத்து வாங்கிப்போனார்களோ.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். இபுபுரூஃபென் வகை மாத்திரையும் உடம்பில் நீர் குறைவதும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் வீட்டுக்குப் போகவேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு.

யானை, காட்டுமாடு?

இருக்கின்றன. இருட்டில் கிளம்பலாம், வெயிலுக்கு முன் மலையைப் பிடித்துவிடலாம் என்று ஆசைதான். ஆனால் அடிவாரக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு, அதனால் வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்புகிறோம். வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவோம். மேலே காட்டுமாடு ரோட்டில் நின்றால் நில்லுங்கள். அது போகிறவரை நில்லுங்கள். போன வருஷம் ஒரு காளைக்காக ஆறு பேர் இருபது நிமிஷம் நின்றோம். அந்த இருபது நிமிஷத்தை நேரத்தில் கழிக்கச் சொல்லி ஒருவர் மட்டும் மனு கொடுத்தார், கழித்தோம்.

துணைக்கு வண்டியில் வருபவர்களுக்கு?

வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுக்கவேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், ஒரு டம்ளர்.

பாதியில் நின்றுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

நான் 41-வது கிலோமீட்டரில் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தவன், அதனால் இதை நான் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் 64-க்கே கொடுத்தார்கள், ஒருவரைத் தவிர. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொல்லியிருந்தவர், சரியாக 41 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். “ஓடினதுக்குத்தானே காசு?” முகத்தில் சிரிப்பே இல்லை. அடுத்த வருஷம் நான் ஏரியைத் தொட்ட மறுநாள் கடைக்கு வந்து 87 ரூபாய் வைத்தார். நான் முழித்தேன். “இந்த வருஷம் 64. போன வருஷத்து பாக்கி 23. இப்பத்தான் ஓடி முடிச்சிருக்க.”

ஓடிப் பணம் திரட்டுவது வெளிநாட்டுப் பழக்கம்தானே?

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கி.மீ. கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவி, மறு வருஷம் 22 வயதில் இறந்துபோனார். தான் படுத்திருந்த வார்டில் கூட இருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அவர் பெயரில் சென்னையிலும் ஓடுகிறார்கள். வெளிநாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியானால் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொள்கிற ஊருக்கு இது எப்படிப் புதிதாகும்?

குழந்தைகளைப் போய்ப் பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

படம் கூடாது. வசூலுக்கு மொட்டைத் தலைக் குழந்தையின் படம் போட்டால் பணம் கூடுதலாக வரும், தெரியும். போடமாட்டோம். பார்க்கவும் போகவேண்டாம், சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம் சளி, இருமலே பெரிய வினை.

ஓடவும் முடியாது, பணமும் இல்லை. என்ன செய்யலாம்?

ரத்தம் கொடுங்கள். 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை. புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குத் தட்டணுக்கள் அடிக்கடி வேண்டியிருக்கும். அதை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் ஆள் வந்துகொண்டே இருக்கவேண்டும். ஓடுகிறவர்கள் அந்த மாதம் கொடுக்கவேண்டாம்.

ஓடி முடித்ததும் என்ன?

ஏரிக்கரையில் சுக்குக் காப்பி, பிரெட் ஆம்லெட், உட்காரப் பாய். கால் நகம் கறுத்திருந்தால் பயப்படவேண்டாம், விழுந்து முளைக்கும். புதன்கிழமை கணக்கை எழுதி என் கடை வாசலில் ஒட்டுவோம், வரவு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ரசீது ஒரு பக்கம். பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பென்சில் தொங்கும், கூட்டல் தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். போன வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 30 ரூபாய் இடிப்பதைக் கண்டுபிடித்தான். மூன்று நாள் தேடினோம். ரசீது புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது, பஞ்சாமிர்தம் பட்டு.